தண்ணியில்லாக் காட்டில் மூன்று நாள்: தொண்டியிலிருந்து வேம்பார் வரை

கேட்டவர் கோயம்புத்தூர்க்காரர். இரண்டு பேர், ஒரு பைக், நாலு நாள் லீவு. தொண்டியில் ஆரம்பித்து ராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோரமாகவே தெற்கே வேம்பார் வரை போக வேண்டுமாம். "வழியில் ஒன்றுமே இருக்காது, வெறும் கருவேலங்காடு, ஒரே நாளில் அடித்துவிட்டு தூத்துக்குடியில் போய்ப் படுத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள், உண்மையா? ஜனவரியில் போவதா, மே மாதத்தில் போவதா?" என்பது கேள்வி.

ஜனவரியில் போங்கள். ஒரே நாளில் முடிக்கவும் முடியும், கிழக்குக் கடற்கரைச் சாலை நன்றாகத்தான் இருக்கிறது, 120 கிலோமீட்டர் சுமார், மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் அப்படிப் போனால் அவர்கள் சொன்னதுதான் நடக்கும், ஒன்றுமே தெரியாது. இந்த மாவட்டத்தின் கடற்கரை நீளம் 237 கிலோமீட்டர், தமிழ்நாட்டில் வேறெந்த மாவட்டத்துக்கும் இவ்வளவு கிடையாது. ரோடு அதில் ஏறக்குறைய பாதிதான். பெயரில்தான் கடற்கரைச் சாலை, பெரும்பாலான இடத்தில் கடல் உங்களுக்கு இடதுபக்கம் இரண்டு, மூன்று, சில இடத்தில் ஆறேழு கிலோமீட்டர் தள்ளி கருவேலங்காட்டுக்குப் பின்னால் கிடக்கும். ஊர்களும் அங்கேதான். ரோட்டில் நீங்கள் பார்ப்பதெல்லாம் ஒரு நிழற்குடை, ஒரு பெயர்ப்பலகை, ஒரு டீக்கடை இருந்தால் உண்டு. அதற்குப் பெயர் விலக்கு. வாலிநோக்கம் விலக்கு, காரங்காடு விலக்கு என்று பஸ்ஸில் கண்டக்டர் குரல் கொடுப்பார். விலக்கில் திரும்பாமல் போகிறவனுக்கு இந்தக் கரையில் பார்க்க ஒன்றுமில்லைதான்.

நான் பதினோரு வருஷம் இந்த லைனில் வலை, நைலான் கயிறு, மிதவை விற்றுக்கொண்டு சுற்றியவன். ஊர் ஊராகப் போய் ஆர்டர் எடுத்து, அடுத்த வாரம் பாக்கி வசூலிக்கிற வேலை. அதனால் என் பதிலில் கோயில் குளத்தைவிட டீக்கடையும் பஞ்சர் கடையும் கூடுதலாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரசு உத்தியோகத்தில் யாரையாவது மிரட்ட வேண்டுமென்றால் "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்பார்கள் இல்லையா, அந்தக் காடு எங்கள் ஊர்தான். கேட்டுக் கேட்டு எங்களுக்கே பழகிவிட்டது. ஆனால் இது பாலைவனம் இல்லை. வருஷத்துக்கு 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை சராசரி உண்டு. சிக்கல் என்னவென்றால் அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி இரண்டு மூன்று மாதத்தில் கொட்டிவிட்டுப் போய்விடும். தென்மேற்குப் பருவமழையை மேற்குத்தொடர்ச்சி மலை அந்தப் பக்கமே வாங்கிக்கொள்ளும். வைகையோ எங்களிடம் வந்து சேரும்போது பெரும்பாலும் வெறும் மணல். நிலம் தட்டையானது, அணை கட்ட மலை கிடையாது. அதனால் பழைய ஆட்கள் கண்மாயாக வெட்டித் தள்ளியிருக்கிறார்கள். ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாயை "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்" என்பார்கள், ஒரு நாரையால் ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாதாம், அவ்வளவு நீளம். கண்மாய் பாசனத்துக்கு, ஊருணி குடிக்க. இந்த இரண்டும் தெரிந்தால் இங்கே ஒரு ஊர் ஏன் இந்த இடத்தில் இருக்கிறது, அடுத்த ஊர் ஏன் எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பது பாதி புரிந்துவிடும். 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்துக்கு மொத்தம் 13.5 லட்சம் பேர், சதுர கிலோமீட்டருக்கு 330 பேர் சுமார். மாநில சராசரி 555. கோயம்புத்தூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஆளே இல்லாத மாதிரி தெரியும்.

ஜனவரி ஏன் என்றால், மழை முடிந்து கண்மாயில் தண்ணீர் நிற்கும். தொண்டி, திருவாடானை பக்கம் நெல் அறுப்புக்கு வந்திருக்கும். "வறண்ட மாவட்டம்" என்று நினைத்து வருகிறவர்கள் அந்த மஞ்சளைப் பார்த்து ஏமாந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன், திருவாடானை தாலுகாவைத்தான் எங்கள் மாவட்டத்தின் நெற்களஞ்சியம் என்பார்கள். பறவைகளும் அப்போதுதான் இருக்கும். பனங்கிழங்கு கிடைக்கும். மே மாதத்தில் நுங்கும் பதனியும் கிடைக்கும் என்பது ஒன்றுதான் லாபம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை, மீனும் அளவாகத்தான் வரும். ஜூனுக்கு மேல் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று பிடித்துவிட்டால் மன்னார் வளைகுடாப் பக்கம் பைக்கை எதிர்த்துத் தள்ளும், கண்ணில் மணல். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கினால் வெக்கை, ஏற்றினால் புழுதி.

சரி, வழிக்கு வருவோம்.

முதல் நாள் தொண்டியிலிருந்து ராமநாதபுரம், 50 கிலோமீட்டர்தான். தொண்டி பாண்டியர் காலத்துத் துறைமுகம், இன்றைக்கு அமைதியான மீன்பிடி ஊர். இந்தப் பக்கம் இருப்பது பாக் விரிகுடா, ஆழமில்லாத கடல், அலை என்று சொல்ல ஒன்றும் இருக்காது. தெற்கே வந்தால் காரங்காடு விலக்கு. அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை படகில் கூட்டிப்போவார்கள், காலையில் சீக்கிரம் போங்கள், வெயில் ஏறினால் பறவை ஒதுங்கிவிடும். அடுத்து உப்பூர், அங்கே பிள்ளையாருக்கு வெயிலுகந்த விநாயகர் என்று பெயர். வெயிலை விரும்பி ஏற்றுக்கொண்ட சாமி. இந்த ஊர்க்காரர்கள் வேறெப்படிப் பெயர் வைப்பார்கள்?

தேவிபட்டினத்தில் நவபாஷாணம், கடலுக்குள் ஒன்பது கல். ராமர் நட்டது என்பது ஐதீகம். கூட்டமும் பரிகாரமும் இருக்கும், அரை மணி நேரம் போதும். ராமநாதபுரத்தில் தங்குங்கள், நல்ல லாட்ஜ்கள் உண்டு, மேற்கொண்டு தெற்கே தங்க இடம் தேடுவது கொஞ்சம் சிரமம். சாயங்காலம் நேரம் இருந்தால் அரண்மனையில் ராமலிங்க விலாசம் பாருங்கள், சேதுபதிகளின் தர்பார் மண்டபம், சுவர் முழுக்க 18ஆம் நூற்றாண்டு ஓவியம். தஞ்சாவூர், மதுரைக்குப் போகிற கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இதைப் பார்க்க வருவதில்லை என்பது எனக்குத் தனிப்பட்ட வருத்தம்.

ராமேஸ்வரம் வேண்டுமா என்றால், இந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள். அது ஒன்றரை நாள் கேட்கும். நாலாவது நாளை அதற்கென்று வைத்திருந்தால் தனுஷ்கோடிக்கு மட்டும் போய் வாருங்கள், காலையிலேயே போங்கள், சாயங்காலத்துக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர், இடிந்த சர்ச்சும் ரயில்வே கட்டடங்களும் எல்லோரும் போட்டோவில் பார்த்ததுதான். எல்லோரும் பார்க்காமல் வருவது அங்கேயுள்ள ஊற்று. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் மணலில் மூன்று நாலு அடி தோண்டியிருப்பார்கள், அதில் நல்ல தண்ணீர் கிடக்கும். வாயில் விட்டுப் பார்த்தால் உப்பே இருக்காது. அதிசயம் ஒன்றுமில்லை, மணலில் இறங்கிய மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீரைவிட லேசு, அதனால் கலக்காமல் அதன் மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே நாற்பது அடி வரை நிற்கும் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். ஆனால் மோட்டார் போட்டு வேகமாக இழுத்தால் அடியிலிருக்கிற உப்பு மேலே ஏறிவிடும், அப்புறம் அந்த இடம் போனதுதான். அதனால்தான் பெண்கள் சிரட்டையில் மெதுவாக மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். ஒரு சிரட்டை எடுத்துவிட்டுக் கொஞ்சம் காத்திருப்பார்கள், ஊறும், இன்னொரு சிரட்டை. ஒரு குடம் நிரம்ப எவ்வளவு நேரம் என்று ஒருநாள் நின்று பார்த்தேன், என் டீ ஆறிப்போய்விட்டது. இந்தத் தண்ணீரைக் கடலோரம் முழுக்க இப்படித்தான் எடுத்தார்கள். இப்போது காவிரி கூட்டுக் குடிநீர் குழாய் வந்துவிட்டது, இருந்தாலும் குழாயில் வராத நாளும் உண்டு, அன்றைக்குத் தள்ளுவண்டியைப் பார்ப்பீர்கள். இரும்புச் சட்டத்தில் குடம் உட்காருகிற மாதிரி ஓட்டை வைத்து, சைக்கிள் சக்கரம் மாட்டி, ஆறு எட்டு குடத்தோடு பெண்கள் தார்ரோட்டில் தள்ளிக்கொண்டு வருவார்கள். வேறு மாவட்டத்தில் இந்த வண்டியை நான் அவ்வளவாகப் பார்த்ததில்லை. எதிரே வந்தால் ஹாரன் அடிக்காதீர்கள், நீங்கள் ஒதுங்குங்கள்.

இன்னொன்று, தனுஷ்கோடியில் போன் திடீரென்று இலங்கை நெட்வொர்க்கைப் பிடிக்கும். ரோமிங்கை அணைத்து வையுங்கள்.

இரண்டாம் நாள் ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை, ஏர்வாடி. இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. வழியில் திருப்புல்லாணி, அங்கே ராமர் புல்லின் மேல் படுத்திருக்கிறார், அதிலிருந்து கொஞ்ச தூரம் போனால் சேதுக்கரை கடல். மேற்கே விலகிப் போனால் உத்தரகோசமங்கை, மரகத நடராஜருக்கு வருஷம் முழுக்கச் சந்தனக்காப்பு, மார்கழித் திருவாதிரையை ஒட்டித்தான் களைவார்கள், உங்கள் தேதி அதோடு ஒத்துவந்தால் போங்கள், கூட்டம் தாங்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரியபட்டினம் என்று கடலோரம் ஒரு ஊர், போனால் சாதாரண ஊர்தான். ஆனால் 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது சீனப் பீங்கான் துண்டுகள் நிறையக் கிடைத்தன. வைகை கடலில் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில் அழகன்குளம், அங்கே ரோமானியப் பானை ஓடும் காசும். இந்தக் கரையை ஒதுக்குப்புறம் என்று சொல்கிறவர்கள் ரோட்டிலிருந்து பார்க்கிறார்கள், கடலிலிருந்து வந்தவனுக்கு இதுதான் வாசல்.

கீழக்கரையில் மத்தியானச் சாப்பாடு. முத்தும் சங்கும் வணிகம் செய்த ஊர், செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்று படித்திருப்பீர்களே, அவர் ஊர். பழைய ஜும்மா பள்ளிவாசலின் கல்தூண்களைப் பாருங்கள், திராவிடக் கோயில் கட்டுமானம் மாதிரியே இருக்கும். கிளம்பும்போது தொதல் வாங்குங்கள், தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டு மணிக்கணக்கில் கிண்டுவது, வெயிலில் எண்ணெய் கசியும், அதனால் துணிப்பைக்குள் வைக்காதீர்கள். என் ஆர்டர் நோட்டு ஒன்று அப்படித்தான் போனது, மூன்று ஊர் பாக்கி விவரத்தோடு.

இந்தப் பக்கம் கடல் மன்னார் வளைகுடா. எதிரே தீவுகள், மொத்தம் 21 தீவை 1986இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள், அதில் இரண்டு கடலுக்குள் முங்கிவிட்டது, பவளப்பாறையை வெட்டி எடுத்ததன் விளைவு. கரையில் காலையிலேயே பெண்கள் கடல்பாசி எடுக்கப் போய்விட்டு வருவதைப் பார்க்கலாம். முகத்தில் கண்ணாடி, கையில் துணி சுற்றியிருப்பார்கள், பாறை கிழித்துவிடும். காயப்போட்ட பாசி ஊர் முழுக்க மணக்கும், முதலில் குமட்டும், ரெண்டாவது ஊரில் பழகிவிடும்.

மூன்றாம் நாள்தான் நீங்கள் கேட்ட "ஒன்றுமே இல்லாத" பகுதி. ஏர்வாடி தாண்டியதும் இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். ஏர்வாடியிலோ சாயல்குடியிலோ பெட்ரோல் போட்டுவிடுங்கள், நடுவில் கிளைச்சாலையில் போய்த் திரும்பினால் கணக்கு தப்பும். இந்த மரத்தைத் திட்டாத ஆள் கிடையாது, நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது, வேறெதையும் முளைக்க விடுவதில்லை என்று. திட்டுகிறவர்கள் வீட்டிலேயே யாராவது ஒருவர் இதில் கரி மூட்டம் போட்டுப் பிழைத்திருப்பார்கள். மழை ஏமாற்றிய வருஷத்தில் இங்கே ஓடுகிற ஒரே தொழில் அது. விறகைக் குவியலாக அடுக்கி, மேலே வைக்கோலும் தழையும் பரப்பி, மண்ணால் மூடி, தீ வைத்துவிட்டு நாள்கணக்கில் காவல் இருப்பார்கள். மண்ணில் எங்காவது பிளவு விழுந்து காற்று புகுந்தால் மொத்தமும் சாம்பல். அதனால் ஒருவர் ராத்திரியெல்லாம் மூட்டத்தைச் சுற்றி வந்துகொண்டே இருப்பார். ரோட்டிலிருந்து உங்களுக்குத் தெரிவது வெள்ளைப் புகை மட்டும்.

இந்தக் கருவேல முள்தான் உங்கள் பெரிய எதிரி. சாதாரண முள் என்று நினைக்காதீர்கள், செருப்பைத் துளைத்து காலில் ஏறும். வாலிநோக்கம் விலக்கிலிருந்து உள்ளே போகிற ரோட்டில் ஒரு மாசி மாதம் என் பின் டயர் இறங்கிவிட்டது. பன்னிரண்டு மணி வெயில், பைக்கில் கேரியர் முழுக்கக் கயிறு. இரண்டு கிலோமீட்டர் தள்ளினேன். ஒரு தகரக் கொட்டகை, அதில் ஒரு பையன், கம்ப்ரஸர் இல்லை, கால்பம்புதான். டியூபைக் கழற்றினான். ஓட்டை எங்கே என்று பார்க்க நான் அவசரத்தில் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் குடத்திலிருந்து தண்ணீரைச் சாய்க்கப் போனேன். "அண்ணே, அண்ணே, அது குடிக்கிறது" என்று கையைப் பிடித்துவிட்டான். கொட்டகைக்குப் பின்னால் ஒரு பெயின்ட் வாளி, அதில் கலங்கலாக உப்புத்தண்ணீர், டியூபை அதில்தான் முக்க வேண்டும். முக்கினான், மூன்று இடத்தில் குமிழி வந்தது. ஒட்டி முடித்ததும் முதல் குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டு கொடுத்தான். "வெயில்ல தள்ளிட்டு வந்திருக்கீக, குடிங்கண்ணே". பஞ்சருக்குக் காசு வாங்கினான், தண்ணீருக்கு நன்றி சொன்னபோது என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

ஆகவே டியூப்லெஸ் டயர் என்றால் பஞ்சர் கிட்டும் சின்ன பம்பும் வையுங்கள், நிழல் தேடி முள்மரத்தடியில் வண்டியை நிறுத்தாதீர்கள், ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீராவது கையில் இருக்கட்டும். ஊருக்குள் யாரிடம் கேட்டாலும் குடிக்கக் கொடுப்பார்கள், அதை வைத்து முகம் கழுவாதீர்கள். அவ்வளவுதான் மரியாதை. ஊருணிக் கரையில் செருப்பு, சோப்பு வேண்டாம் என்று எழுதியிருக்கும், எழுதாவிட்டாலும் அப்படித்தான்.

வாலிநோக்கத்தில் அரசு உப்பு நிறுவனத்தின் உப்பளம். விடிகிற நேரத்தில் போனால் ஆட்கள் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம், வெயில் ஏறினால் வெள்ளையிலிருந்து அடிக்கிற ஒளியில் கண் கூசி ஒன்றும் தெரியாது. வயல்காரருக்கு மழை எவ்வளவுக்கு வேண்டுமோ அவ்வளவுக்கு உப்பளத்து ஆட்களுக்கு அது வேண்டாம், ஒரு கோடை மழை போதும், பாத்தியில் விளைந்ததெல்லாம் கரைந்துவிடும். ஒரே ஊரில் வயல்காரர் மழைக்குக் கும்பிட, உப்பளத்து ஆள் வெயிலுக்குக் கும்பிடுவதைக் கேட்டிருக்கிறேன், ஒரே டீக்கடை பெஞ்சில்.

மாரியூரில் கடலோரச் சிவன் கோயில், கொஞ்ச நேரம் உட்கார நல்ல இடம். சாயல்குடியிலிருந்து உள்ளே திரும்பினால் மேலச்செல்வனூர், கீழச்செல்வனூர் கண்மாய், பறவைகள் சரணாலயம். பார்க்கத் தண்ணீருக்குள் நிற்கிற கருவேல மரங்கள்தான், ஆனால் மரம் ஒவ்வொன்றிலும் நாரைக் கூடு. நல்ல மழை பெய்த வருஷம் என்றால் ஜனவரியில் நிரம்பி இருக்கும், மழை இல்லாத வருஷம் போனால் வெடித்த களிமண்தான், வழியிலேயே டீக்கடையில் "கண்மாய்ல தண்ணி கெடக்கா" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் திரும்புங்கள். பிப்ரவரிக்குத் தள்ளிப்போட்டால் இந்தப் பக்கம் களத்தில் முண்டு மிளகாய் காயும், உருண்டையாக, சிவப்பாக, 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது. வண்டியை மெதுவாக ஓட்டினாலும் தும்மல் வரும்.

கடைசியாக மூக்கையூர். துறைமுகத்தில் மீன் இறங்குகிற நேரம் பார்த்துப் போங்கள், யாராவது படகுக்காரரிடம் "அண்ணே, என்ன பாடு?" என்று கேளுங்கள், பாடு என்றால் அன்றைக்கு வலையில் விழுந்தது. பேச்சு தானாக வரும். அப்புறம் கன்னிராஜபுரம், நரிப்பையூர், ரோட்டின் இருபுறமும் பனை கூடிக்கொண்டே வரும். கருப்பட்டி வாங்குவதானால் இங்கே வாங்குங்கள், ஓரத்தைக் கொஞ்சம் உடைத்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள், சீனி கலந்தது நாக்கில் உடனே கரைந்து வெறும் இனிப்பாக நிற்கும், நல்லதில் லேசான உப்புக் கரிப்பு இருக்கும்.

வேம்பார் வந்தால் தூத்துக்குடி மாவட்டம். என் ஆர்டர் நோட்டும் அங்கேயே முடிந்துவிடும், அதற்குத் தெற்கே வேறொருவர் லைன்.